விலகலாம்... விலக்கலாமா?

ஆடி பிறக்கப் போகிறது. கோவையில் கோனியம்மன், தண்டுமாரியம்மன் சந்நிதிகளில் வெள்ளிக்கிழமைதோறும் நிற்க இடமிருக்காது. வீட்டு வாசலில் மாக்கோலம், நிலைப்படியில் மஞ்சள் குங்குமம், மேலே ஒரு கொத்து வேப்பிலை... ஆடி என்றால் இதெல்லாம் இல்லாமலா?

அந்த வேப்பிலையை ஏன் செருகுகிறோம்? 'அம்மனுக்கு உகந்தது' என்பார் மாமியார். 'பூச்சி பொட்டு அண்டாது' என்பார் கணவர். இரண்டுமே சரிதான். ஆனால், அந்த இலை சொல்லும் மூன்றாவது சேதி ஒன்று உண்டு. அதைச் சிறு வயதிலேயே என் அம்மாயி எனக்குச் சொல்லித் தந்திருந்தார். நான்தான் மறந்துபோனேன். மறந்ததற்கான விலையை 4 ஆண்டுகள் சுமந்தேன்.

கோயில், விரதம் என்று எழுதும் இந்தப் பக்கத்தில் இன்று என் சொந்தக் கதையை எழுதப் போகிறேன். பெருமைப்படும் கதை இல்லை. ஆனாலும், படிக்கும் சகோதரிகளில் சிலருக்காவது 'இது நம் வீட்டுக் கதையும்தானே' என்று தோன்றும் என்பதால் எழுதுகிறேன்.

அந்த 2021 மே மாதம்

யாரும் மறந்திருக்க மாட்டோம். கொரோனாவின் இரண்டாவது அலை. மே 10-ஆம் தேதி தமிழகம் முழுவதும் ஊரடங்கு. மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. 24-ஆம் தேதி முதல் மளிகைக் கடை, காய்கறிக் கடைகூடக் கிடையாது. வண்டியில் வரும் காய்தான். அந்த மாதக் கடைசியில் சென்னையையும் தாண்டி, தினசரி எண்ணிக்கையில் முதலிடத்துக்கு வந்தது நம் கோவை. ஒரே நாளில் 4,000-க்கும் மேற்பட்டோர்! எதிலெதிலோ முதலிடம் கேட்ட ஊருக்கு இப்படியும் ஒரு முதலிடம்.

நாங்கள் இருப்பது சிங்காநல்லூர்ப் பக்கம், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில். அங்கிருக்கும் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைதான் கோவையின் முக்கியமான கொரோனா சிகிச்சை மையமாக இருந்தது. இரவு முழுக்க ஆம்புலன்ஸ் சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் மாமியார் எழுந்து உட்கார்ந்து, 'தாயே, மகமாயி' என்று கும்பிட்டுவிட்டுப் படுப்பார். காலையில் கபசுரக் குடிநீர், மாலையில் ஆவி பிடித்தல், நடுவில் விரலில் ஆக்ஸிமீட்டர். சஷ்டி, பிரதோஷம் எல்லாம் தொலைக்காட்சியில்தான். ஏப்ரல் 26 முதலே கோயில்களில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை.

எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே ஓர் அக்கா. எங்கள் கதவுக்கும் அவர் கதவுக்கும் நடுவே நான்கு எட்டு இருக்கும். அவர் கணவர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பால்கனித் தொட்டியில் கறிவேப்பிலை வளர்ப்பார். எங்கள் வீட்டில் தாளிக்கும் வாசம் வந்தால், 'அம்மிணி, கருவேப்பலை வேணுமா?' என்று குரல் வரும். என் மகளுக்கு அப்போது 4 வயது. அவருடைய சட்டைப்பையில் கடலை மிட்டாய் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

மே மூன்றாவது வாரத்தில் அவருக்குக் காய்ச்சல். பரிசோதனை முடிவு வந்த அன்று, எதிர் வீட்டுக் கதவில் 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு' என்று தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

நான் செய்ததும் செய்யாததும்

எங்கள் மாடியில் இரண்டு வீட்டுப் பால் பாக்கெட்டுகளும் ஒரே பையில் படிக்கட்டுக் கம்பியில் தொங்கும். தாள் ஒட்டிய மறுநாள் காலை, நான் வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். 'எங்க பாலை இனிமே கீழயே வெச்சிருங்கண்ணா. அந்த வீட்டுப் பையோட சேர்க்க வேண்டாம். அவங்க தொட்டது எதுவும் எங்க பக்கம் வரக் கூடாது' என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். எதிர்க்கதவு லேசாகத் திறந்திருந்தது. நான் சொல்லி முடித்ததும் அது மெதுவாகச் சாத்தப்பட்டது.

மூன்றாம் நாள் இரவு 11 மணி இருக்கும். லிஃப்ட் சத்தம். கதவில் இருக்கும் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தேன். உடல் முழுக்க மூடிய உடையில் இரண்டு பேர் அவரைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போனார்கள். அக்கா மட்டும் தனியாக நடையில் நின்றிருந்தார். பிறகு எங்கள் கதவருகே ஓரெட்டு வைத்தார். கையை உயர்த்தினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தட்டவில்லை. கையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனார்.

நான்கே நாட்கள். மாமா போய்விட்டார். உடல் வீட்டுக்கு வரவில்லை. மகன் வெளிநாட்டில், வர வழியில்லை. இறுதிச் சடங்கில் 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்பது அப்போதைய விதி. அவருக்கு அந்த 20 பேர்கூடக் கூடவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கைகூப்பிய படம் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவ்வளவுதான்.

நம் கொங்குப் பக்கத்தில் ஒரு சொலவடை உண்டல்லவா? 'நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போகோணும்!' கல்யாண வீட்டுக்குப் போகாமல் இருந்தால் கோபித்துக்கொள்வார்கள். எழவு வீட்டுக்குப் போகாமல் இருந்தால் உறவே இல்லை என்பார்கள். ஜூலை 5-ல் கோயில்கள் திறந்தன. கடைகள் திறந்தன. எதிர் வீட்டுக்குப் போக எனக்குத் தடை எதுவும் இல்லை. ஆனால், 'அன்றைக்குப் போகாதவள் இப்போது எந்த முகத்தோடு போவது?' என்ற வெட்கம். ஒரு வாரம் ஒரு மாதமானது, மாதம் வருஷமானது. அக்கா லிஃப்டுக்கு நிற்பது தெரிந்தால் நான் படியில் இறங்குவேன். பூஜை அறையில் விளக்கேற்றும்போதுகூட, நடுவே அந்த உயர்ந்த கை வந்து நிற்கும்.

பயந்தது பாவமா?

இந்த இடத்தில் நியாயமாக ஒரு கேள்வி எழும். 'வீட்டில் சின்னக் குழந்தை, சர்க்கரை உள்ள வயதான மாமியார். கதவைத் திறக்காதது எப்படித் தப்பாகும்? விலகி இருக்கச் சொன்னதே டாக்டர்கள்தானே?'

உண்மைதான். தமிழகத்தில் 18 வயது நிரம்பியவர்களுக்குத் தடுப்பூசி போடும் பணி அந்த மே 20-ல்தான் நம் திருப்பூரில் தொடங்கியிருந்தது. எனக்கு ஊசி போட்டிருக்கவில்லை. நான் பயந்ததில் பிழையில்லை. தள்ளி நின்றதிலும் பிழையில்லை. இந்த நியாயத்தை நான் 4 வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருந்தும் மனசு ஆறவில்லையே... ஏன்?

கல்லூரியில் தமிழ் படித்தவள் நான். பதில், முதல் வருஷ இலக்கண வகுப்பிலேயே இருந்தது. திருந்து - திருத்து; ஆடு - ஆட்டு; விலகு - விலக்கு. முதலாவது தன்வினை, இரண்டாவது பிறவினை. 'விலகு' என்றால் நான் நகர்ந்துகொள்வது. 'விலக்கு' என்றால் இன்னொருவரைத் தள்ளிவைப்பது. நடுவே ஒரே ஒரு ஒற்றெழுத்துதான் வித்தியாசம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டிலும் இடையே ஆறடி தூரம்தான். ஆனால், அந்தத் தூரத்துக்கு அப்பால் நிற்பவரின் மனம் இரண்டிலும் ஒன்றுபோலவா இருக்கும்?

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் தலம் ஒன்று சோழநாட்டில் இருக்கிறது. வைத்தீஸ்வரன் கோயிலுக்கு அருகே உள்ள திருப்புன்கூர். பிறந்த குலத்தைக் காரணம் காட்டிக் கோயிலுக்குள் அனுமதிக்கப்படாத நந்தனார், வெளியே நின்று சிவலோகநாதரைத் தரிசிக்க ஏங்கினார். நடுவே மறைத்தது நந்தி. பக்தரின் ஏக்கம் அறிந்த ஈசன், நந்தியை விலகியிருக்கச் செய்தார் என்கிறது தலவரலாறு. இன்றும் அங்கே நந்தி சந்நிதிக்கு நேராக இல்லாமல் சற்று ஒதுங்கித்தான் இருக்கிறது. மனிதர்கள் விலக்கினார்கள், நந்தி விலகியது. அவர்கள் நகர்த்தியது நந்தனாரை. நந்தி நகர்த்திக்கொண்டது தன்னை. அதனால் அவருக்குத் தரிசனம் கிடைத்தது.

பால் பையைப் பிரிக்கச் சொன்ன அன்று நான் என்னை நகர்த்திக்கொள்ளவில்லை, தோழியரே. 'அவங்க தொட்டது எதுவும்...' என்று சொல்லி, அந்த அக்காவைத்தான் நகர்த்தினேன்.

அம்மாயி சொன்ன சேதி

இப்போது அந்த வேப்பிலைக்கு வருகிறேன்.

என் அம்மாயிக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கம். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது, கோடை விடுமுறையில், எதிர் வீட்டுப் பையனுக்கு அம்மை கண்டது. 'நோய்' என்று யாரும் சொல்லவில்லை. 'ஆத்தா வந்திருக்கறா', 'முத்துப் போட்டிருக்குது' என்றுதான் சொன்னார்கள். வாசலில் வேப்பிலை கட்டினார்கள். அந்த வீட்டில் தாளிக்கக் கூடாது. வெளி ஆட்கள் உள்ளே போகக் கூடாது. அந்த வீட்டார் விசேஷங்களுக்கு வரக் கூடாது. ஊரடங்குக்கு எந்த விதத்தில் குறைச்சல்?

என் அம்மாயி தினமும் காலையில் இரண்டு இளநீரைச் சீவி எடுத்துக்கொண்டு போவார். வெளித்திண்ணையில் வைத்துவிட்டு, பின்வாங்கித் தெருவில் வந்து நிற்பார். அங்கிருந்தே சத்தமாக, 'ஏனுங்க... இளநி வெச்சிருக்கறனுங்க! பையன் எப்படி இருக்கறான்?' என்பார். உள்ளேயிருந்து பையனின் அம்மா பதில் சொல்வார். ஊருக்கே கேட்கும்படி இரண்டு பேரும் பத்து நிமிஷம் பேசுவார்கள். மழை, மாடு, மஞ்சள் விலை... எல்லாம்.

'உள்ளே போகாம ஏன் அம்மாயி கத்தறீங்க?' என்று கேட்டேன். 'வேப்பலை கட்டுன வாசலுக்குள்ள காலு போகக் கூடாது கண்ணு. கொரலு போகோணும்!' என்றார்.

இதுதான் அந்த மூன்றாவது சேதி. கால் போகாதது, இரண்டு பக்கத்துப் பாதுகாப்புக்கு. குரல் போவது, 'நீ தனியாக இல்லை' என்று சொல்வதற்கு. வேப்பிலை கட்டிய வீட்டில் படுத்திருப்பவர் குற்றவாளி இல்லை. அவர் உடம்பில் ஆத்தாளே வந்து இறங்கியிருக்கிறாள் என்பது நம்பிக்கை. கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்குவார்களே தவிர, முகம் சுளித்து ஒதுங்க மாட்டார்கள்.

ஈரோடு பெரிய மாரியம்மன், கரூர் மாரியம்மன் கோயில்களில் கம்பம் நடும் விழாவைப் பார்த்திருப்பீர்கள். நம் கிராமத்து மாரியம்மன் கோயில்களிலும் பூச்சாட்டிக் காப்புக் கட்டிவிட்டால், ஊர் எல்லை தாண்டி வெளியூரில் ராத்தங்கக் கூடாது என்பார்கள். ஊரே ஒன்றாக எல்லைக்குள் இருக்கும். ஒருவரையும் விலக்காமல் எல்லோரும் சேர்ந்து விலகியிருப்பது எப்படி என்பதை ஆண்டுக்கு ஒருமுறை நமக்குப் பழக்கிவைத்திருக்கிறார்கள், பெரியவர்கள்!

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வேப்பிலை மட்டுமே பெரியம்மையை விரட்டவில்லை. தடுப்பூசிதான் விரட்டியது. பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 1980-ல் அறிவித்தது. ஆத்தாளைக் கும்பிட்ட கையிலேயே ஊசியும் போட்டுக்கொண்டவர்கள்தான் நம் பாட்டிமார்கள்.

நடை சாத்தினாலும்...

கோவைக்குக் கொள்ளை நோய் புதிதில்லை. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிளேக் இந்த ஊரைத் திரும்பத் திரும்பத் தாக்கியது. அந்தப் பயத்திலிருந்து பிறந்ததுதான் 'பிளேக் மாரியம்மன்'. அந்தப் பெயரிலேயே கோவையில் இன்றும் கோயில்கள் உண்டு. 2021 மே மாதத்தில், இருகூரில் உள்ள காமாட்சிபுரி ஆதீனத்தில் 'கொரோனா தேவி' சிலையை வைத்து 48 நாட்கள் யாகம் நடந்தது நினைவிருக்கலாம். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. 'நோய்க்கெல்லாமா சிலை?' என்று அப்போது கேலி செய்தவர்களும் உண்டு. கேலிக்கு நான் போகவில்லை. பயத்துக்குத் தாய் என்று பெயர் வைத்து, அவளிடமே அழுவது நம் மண்ணின் பழக்கம். எந்த நோயையும் 'தீண்டத்தகாதது' என்று அது துரத்தியதில்லை. 'தாயே, குளிர்ந்து போ' என்றுதான் கெஞ்சியது.

கோயில்களும் அப்போது ஒரு பாடம் நடத்தின. நடை சாத்தியிருந்தது, ஆனால் மடப்பள்ளி சாத்தவில்லை. அந்த மே மாதத்தில்தான், இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் உள்ள கோயில்களில் சமைத்த அன்னதான உணவு, பொட்டலங்களாக அரசு மருத்துவமனைகளுக்குப் போனது. நோயாளிகளுக்கும், வெளியே காத்துக்கிடந்த உறவினர்களுக்கும். நாம் கோயிலுக்குப் போக முடியாத நாளில், கோயில் நம்மிடம் வந்தது. கால் போகவில்லை, குரல் போனது!

சொந்தங்களே நெருங்க அஞ்சிய உடல்களை எடுத்து அடக்கம் செய்த இளைஞர்களையும் அந்த நாட்களில் பார்த்தோம். அவர்களில் இஸ்லாமிய சகோதரர்கள் பலர். இறந்தவரின் முறைப்படியே காரியம் நடக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். முழு உடல் மறைக்கும் உடையும் கையுறையும் போட்டு, விதிப்படி விலகித்தான் நின்றார்கள். ஆனால், யாரையும் விலக்கவில்லை.

நான் என்ன செய்திருக்கலாம் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. கதவைத் திறக்க வேண்டாம். கதவுக்குப் பின்னால் நின்று, 'அக்கா, நான் இங்கதான் இருக்கேன். முழிச்சுட்டுத்தான் இருக்கேன். போன்ல கூப்பிடுங்க' என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். அந்த ராத்திரி அக்காவுக்கு வேறென்ன தேவைப்பட்டிருக்கும்? இரண்டு கதவுகளும் மூடியே இருக்க, பேசிக்கொண்டே விடிந்திருக்கும். எந்தக் கிருமியும் என் வீட்டுக்குள் வந்திருக்காது.

இளநீர் வந்தது

இந்த ஆண்டு சித்திரையில் என் மகளுக்கு அம்மை போட்டது. டாக்டரிடம் காட்டினோம்; மருந்து கொடுத்தார். மாமியார் தன் பங்குக்கு நிலைப்படியில் வேப்பிலையைக் கட்டினார்.

மறுநாள் காலை அழைப்பு மணி அடித்தது. திறந்தேன். வாசலில் யாரும் இல்லை. கீழே ஒரு பையில் இரண்டு இளநீர், பக்கத்தில் இலையில் மடித்த நுங்கு. நிமிர்ந்து பார்த்தால், எதிர் வாசலில், அவர் வீட்டு நிலைப்படிக்குள் நின்றபடி அக்கா.

'பாப்பாளுக்கு ஆத்தா வந்திருக்கறாளாமா? இளநி குடுங்க அம்மிணி. கண்ணு எரியுதுன்னா சொல்லுங்க, இன்னுங் கொஞ்சம் நுங்கு வாங்கியாறச் சொல்றேன்.'

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தைகள். 'சரிங்கக்கா' என்று மட்டும் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, அந்தப் பையைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து அழுதேன். மகளுக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை, தினமும் ஒரு குரல் வந்துகொண்டிருந்தது.

அப்போதும் நான் போகவில்லை. 'இவ்வளவு தாமதமாகத் துக்கம் கேட்கப் போவது அவரை இன்னொரு முறை அழவைப்பதாகாதா? ஆறிய புண்ணைக் கிளறலாமா?' என்ற தயக்கம். இந்தத் தயக்கத்துக்கு பதில், நம் அவிநாசியில் கிடைத்தது.

தாமதமாக வந்த சுந்தரர்

வேறொரு கட்டுரைக்காக அவிநாசியப்பர் கோயிலுக்குப் போயிருந்தேன். முதலை வாயிலிருந்து பிள்ளை வெளிவரும் சிற்பத்தின் முன் நின்றபோது, நூறு முறை கேட்ட கதை அன்று புதிதாகப் புரிந்தது.

சேரமான் பெருமாளைக் காணச் செல்லும் வழியில், திருப்புக்கொளியூர் அவிநாசிக்கு வருகிறார் சுந்தரர். ஒரு தெருவில் எதிரெதிராக இரண்டு வீடுகள். ஒன்றில் மங்கல வாத்தியம், மற்றொன்றில் அழுகுரல். என்னவென்று விசாரிக்கிறார். முன்பொரு நாள் 5 வயதுப் பிள்ளைகள் இருவர் குளத்தில் குளித்தபோது, ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. பிழைத்த பிள்ளைக்கு இன்று பூணூல் கல்யாணம். எதிர் வீட்டில், 'நம் பிள்ளை இருந்திருந்தால்...' என்று பெற்றோர் அழுகிறார்கள்.

அவர் வந்திருப்பது தெரிந்ததும், அந்தப் பெற்றோர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, முகமலர்ச்சியோடு வந்து வணங்குகிறார்கள். 'மகனை இழந்தவர்கள் நீங்கள்தானா?' என்று சுந்தரர் கேட்கிறார். 'அது முன்பே நடந்துபோனது, சுவாமி' என்பது போலச் சொல்லி, அவரைத் தரிசித்த மகிழ்ச்சியையே பெரிதாகப் பேசுகிறார்கள். 'நடந்து ஆண்டுகள் ஆகிவிட்டதே, இனி என்ன?' என்று சுந்தரர் தன் வழியே போகவில்லை. குளத்தங்கரைக்குப் போனார். பதிகம் பாடினார். முதலை வந்தது, இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு பிள்ளையும் வந்தான் என்கிறது பெரியபுராணம்.

போன உயிரை மீட்க நமக்கு வல்லமை இல்லை. ஆனால், அந்தக் கதையில் அற்புதத்துக்கு முன்னால் நடந்த ஒன்று இருக்கிறது பாருங்கள். அவர் கேட்டார்! தாமதமானாலும் கேட்டார். சிரித்த முகத்துக்குப் பின்னால் ஆறாத துக்கம் இருக்கும் என்று அறிந்து கேட்டார். அதை நாமும் செய்யலாம்தானே? எத்தனை வருஷமானாலும், அந்தத் தாய்க்குக் 'கிளறியதாக'த் தோன்றவில்லை. கேட்க ஓர் ஆள் வந்ததாகத்தான் தோன்றியிருக்க வேண்டும்.

நான்கு எட்டு

அன்று மாலையே போனேன். வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போக எதுவும் தோன்றவில்லை. வெறுங்கையோடு போய் மணியை அழுத்தினேன்.

'வாங்க அம்மிணி' என்றார் அக்கா. மாமாவின் படத்துக்கு முன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த பால்கனித் தொட்டியில் கறிவேப்பிலை, ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது.

'அன்னிக்கு மாமாவுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்கக்கா. நான் கேக்கவே இல்ல' என்றேன்.

இரண்டு மணி நேரம் சொன்னார். முதல் நாள் காய்ச்சலிலிருந்து, மருத்துவமனையிலிருந்து வந்த கடைசி போன் வரை. மாமா போனில் கடைசியாகக் கேட்டது, 'செடிக்குத் தண்ணி ஊத்துனயா?' என்றுதானாம். 'இதையெல்லாம் முழுசா யாரும் கேட்டதில்ல அம்மிணி. எல்லாரும் "அழுகாதீங்க, ஆனது ஆச்சு"ன்னு பாதியிலயே நிறுத்தீருவாங்க' என்றார்.

பால் பாக்கெட் விஷயத்தையும் நானே சொன்னேன். 'கேட்டுச்சு' என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. 'அன்னிக்கு வலிச்சுது. அப்புறம் நாலே நாள்ல அதைவிடப் பெருசா ஒண்ணு வலிச்சுது. இது அதுல கரைஞ்சு போச்சு.'

'அந்த ராத்திரி நீங்க கதவைத் தட்ட வந்தீங்க. நான் பார்த்துட்டுத்தான் நின்னேன்' என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். 'தட்டோணும்னுதான் வந்தேன். தனியா இருக்க பயமா இருந்துச்சு. கையத் தூக்கினப்புறந்தான் பாப்பா நெனப்பு வந்துச்சு. நாம இத்தன நாளு அவரு பக்கத்துலயே இருந்தவ... கதவத் தொறந்து கொழந்தைக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா என்ன பண்றதுன்னு திரும்பீட்டேன்.'

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த ராத்திரி, அந்த நான்கு எட்டில், விலகியவர் யார், விலக்கியவர் யார் என்பது இப்போது உங்களுக்கும் புரிந்திருக்கும்.

கிளம்பும்போது, தொட்டியிலிருந்து ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கிள்ளிக் கையில் கொடுத்தார்.

சகோதரிகளே... 2021-ல் நாம் போகாமல் விட்ட வாசல்கள் எத்தனையோ. போக முடியாத சூழ்நிலையில் சில. போகப் பயந்து சில. வருஷங்கள் ஓடிவிட்டன என்பதால் அந்தத் துக்கம் காலாவதியாகிவிடவில்லை. இந்த ஆடியில் நிலைப்படியில் வேப்பிலை செருகும்போது, அப்படி ஒரு வாசல் உங்கள் நினைவுக்கு வந்தால், அன்று மாலையே கிளம்புங்கள். தூரமாக இருந்தால் போனிலாவது கூப்பிடுங்கள். 'அன்னிக்கு என்ன ஆச்சு?' என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருங்கள். அம்மனுக்கு ஊற்றும் கூழைப் போலவே, அந்த மனசும் குளிரட்டும்.

மாரியாத்தா எல்லோர் வாசலையும் காக்கட்டும்!